பேய் பிடித்தது யாருக்கு?

நவீன நாடகம் என்றாலே நம் வயதுக்காரர்களில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அதிலும் மேடையில் பெண்கள் நின்று மாதவிலக்கு, கருச்சிதைவு, பிள்ளையில்லாமை என்று வாய்விட்டுப் பேசிவிட்டால் போதும், "இதெல்லாம் நாலு பேர் மத்தியில் பேசுகிற சங்கதியா?" என்ற கேள்வி வந்துவிடும். எங்கள் ஓய்வூதியர் வட்டத்திலும் அண்மையில் இந்தப் பேச்சு அடிபட்டது. சூனியக்காரி வேட்டையைப் பற்றிய ஒரு ஆங்கில நாடகத்தைப் பற்றி நான் சொல்லப்போக, ஒரு நண்பர், "வள்ளி திருமணமும் பவளக்கொடியும் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் எதுக்குய்யா?" என்று கேட்டார். நேரில் பதில் சொன்னால் காபி ஆறிவிடும், நட்பும் ஆறிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நாடகங்கள் வேண்டும். சென்னையில் குளிர்சாதன அரங்குக்குள் நூறு பேர் பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டுமல்ல, நம் பழனி மலைக்கும் அடிவாரத்துக்கும் வேண்டும். ஏனென்றால் இது நமக்கு வேற்றூர்க் கதை இல்லை.

அந்த ஆங்கில நாடகத்தின் பெயர் 'வினிகர் டாம்'. எழுதியவர் கேரில் சர்ச்சில் என்ற பெண்மணி. 1976-ல் 'மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்' என்ற நாடகக் குழுவுக்காக எழுதினார். என் மகள் புத்தகமாக அனுப்பிவைத்தாள். கதை நடப்பது பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில். வினிகர் டாம் என்பது ஒரு பூனையின் பெயர். அந்தப் பூனையை வளர்ப்பவள் ஜோன் என்கிற ஏழை விதவை. அவள் பக்கத்துப் பண்ணை வீட்டில் கொஞ்சம் ஈஸ்ட் கேட்கப் போகிறாள். அந்த வீட்டுக்காரி இல்லையென்கிறாள். வார்த்தை தடிக்கிறது, ஜோன் ஏசிவிட்டுப் போகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் வெண்ணெய் திரளவில்லை, கன்றுக்குட்டிகள் நோயில் விழுகின்றன. வேறென்ன காரணம் வேண்டும்? சூனியக்காரிகளைப் பிடித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவன் ஊருக்குள் வருகிறான். பெண்களின் உடம்பில் ஊசியால் குத்திக் குத்தி, வலிக்காத இடம் இருக்கிறதா என்று தேடுகிறான். இருந்தால் அது சாத்தானின் அடையாளமாம்.

ஜோன் மட்டுமில்லை. அவள் மகள் ஆலிஸ், கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள். பண்ணைக்காரனுக்கு அவள்மேல் ஆசை, அவள் இணங்கவில்லை, எனவே தன் ஆண்மைக் குறைவுக்கு அவள் வைத்த சூனியம்தான் காரணம் என்கிறான். இன்னொருத்தி பச்சிலை மருந்து கொடுக்கும் நாட்டு வைத்தியச்சி. இன்னொருத்தி பணக்கார வீட்டுப் பெண், பார்த்த மாப்பிள்ளையைக் கட்ட மாட்டேன் என்றதால் அவளைக் கட்டிவைத்து, வைத்தியரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கிறார்கள். பணக்காரிக்கு வந்தால் அது வியாதி, ஏழைக்கு வந்தால் அது சூனியம். கடைசியில் ஜோனும் வைத்தியச்சியும் தூக்கில் தொங்குகிறார்கள். இத்தனை பேர் இருந்தும் நாடகத்தில் ஒரு சூனியக்காரிகூட இல்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம்.

இதைச் சோதனை நாடகம் என்று ஏன் சொல்கிறார்கள்? கதை போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிட்டு, இந்தக் காலத்து உடையில் வந்து பாடுகிறார்கள். பழைய காலத்துக் கதை என்று பார்வையாளர் சாய்ந்து உட்கார முடியாது. நமக்கு இது புதிதே இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என்ன செய்வார்? ராஜா காலத்துக் கதைக்கு நடுவில் ரேஷன் கடை சர்க்கரையைப் பற்றிப் பேசுவார். கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் அதுவே. நம் ஊர் உத்தியை இங்கிலீஷில் பார்த்தால் மட்டும் ஏன் மிரள வேண்டும்?

ஐரோப்பாவில் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு நடந்த இந்த வேட்டையில் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர்வரை கொல்லப்பட்டார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம் சேலம் இல்லை) 1692-ல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் 14 பேர் பெண்கள். அதை வைத்து ஆர்தர் மில்லர் 1953-ல் எழுதிய 'தி குரூசிபிள்' உலகப் புகழ்பெற்ற நாடகம். மில்லருக்கு அது அன்றைய அமெரிக்க அரசியலைச் சொல்ல ஒரு வழி. சர்ச்சில் அம்மையார் வேறொன்றைக் கேட்கிறார்: ஏன் எப்போதும் அகப்படுகிறவள் பெண்ணாகவே இருக்கிறாள்? அதிலும் விதவை, பிள்ளையில்லாதவள், கல்யாணம் வேண்டாம் என்றவள், மருந்து தெரிந்தவள்? சுவிட்சர்லாந்தில் அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணை 1782-ல் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவள் குற்றமற்றவள் என்று அந்த மாகாணம் அறிவித்தது 2008-ல். இடையில் 226 வருஷம்.

சரி, வெள்ளைக்காரன் செய்தான், நமக்கென்ன என்று கேட்கலாம். நம் மலைக்கே வருவோம்.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் நமக்கெல்லாம் தெரியும். இலங்கையைச் சேர்ந்த சர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் மனைவி, மேல்நாட்டில் பிறந்து நம் சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார், 1936-ல் கட்டியது. மேகம் விலகினால் அங்கிருந்து பழனிமலை தெரியும். குறிஞ்சி என்றால் மலை, மலை என்றால் முருகன், முருகன் என்றால் காதல். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த திணை இலக்கணம் இதுதான். அந்தக் குறிஞ்சித் திணையிலேயே 'வெறியாட்டு' என்று ஒரு துறை இருப்பதை நம் தமிழாசிரியர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதில் நடப்பது இதுதான். மலைநாட்டுப் பெண் ஒருத்தி ஒருவன்மேல் மனம் வைத்துவிடுகிறாள். சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு மெலிகிறது, வளை கழல்கிறது. தாய்க்குக் காரணம் தெரியவில்லை. குறிசொல்லும் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறார்கள். 'முருகு அணங்கியது', அதாவது தெய்வம் பிடித்திருக்கிறது என்கிறாள். உடனே வேலன் வருகிறான். களம் இழைத்து, மணல் பரப்பி, ஆட்டுக்குட்டியை அறுத்து, விடிய விடிய ஆடுகிறான். நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன நோய் என்று அவளுக்கும் தெரியும், அவள் தோழிக்கும் தெரியும். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. சங்கப் பாட்டில் ஒரு தோழி, தெய்வமாக இருந்தும் விவரம் தெரியாமல் இந்தக் களத்துக்கு வந்து நிற்கிறாயே என்று முருகனையே இடிக்கிறாள். இந்தத் துறையைப் பாடியே பேர் வாங்கிய ஒரு பெண் புலவர் இருக்கிறார், வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூற்றிலும் நற்றிணையிலும் அவர் பாட்டு உண்டு.

எனக்கு இதில் ஆச்சரியம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் புலவர் இதை நோய் என்று பாடவில்லை, வேடிக்கை என்று பாடியிருக்கிறார் என்பதுதான். பெண்ணின் உடம்பு வீட்டுக்கு அடங்காமல் எதையோ சொன்னால், அதற்குத் தெய்வத்தின் பெயரோ பேயின் பெயரோ வைத்து, ஆடத் தெரிந்த ஒருவனைக் கூப்பிடுகிற பழக்கம் அன்றே இருந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணும் அன்றே இருந்திருக்கிறாள்.

வேலன் இடத்தில் நம் காலத்தில் கோடாங்கி. திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடுக்கைச் சத்தம் கேட்டாலே சின்ன வயசில் எனக்கு வயிற்றைப் பிசையும். "யாரு நீ? எந்த மரத்துல இருந்து வந்த? போறியா, போக மாட்டியா?" என்று அதட்டிக்கொண்டே வேப்பிலையால் அடிப்பார். கடைசியில் பெண்ணின் உச்சி முடியை ஒரு கற்றை எடுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். பேய் அந்த மரத்தோடு போயிற்று.

நான் கண்ணால் பார்த்தவரை பேய் பிடித்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆன புதுப்பெண். மூன்று வருஷமாகப் பிள்ளை தங்காதவள். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்க நிச்சயித்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை. புருஷன் ஓடிப்போனவள். ஊர்த் தலைவருக்கோ, கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளருக்கோ பேய் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆண்களுக்குப் பேய் பிடிப்பதே இல்லை என்று சொல்லவில்லை, அபூர்வம். பேய்க்குக்கூட ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரிந்திருக்கிறது.

பேய் பிடித்தவளுக்காவது பரிதாபம் கிடைக்கும். பேயை ஏவினவள் என்று பெயர் வாங்கினவளுக்கு அதுவும் கிடையாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அத்தை விஷயத்தில் தெரிந்துகொண்டேன்.

அத்தையைக் கீழ்மலைக் கிராமம் ஒன்றில் கொடுத்திருந்தோம். மூன்று ஏக்கர், மலைவாழையும் கொஞ்சம் காபியும் ஆரஞ்சும். மாமா இருபத்தொன்பது வயது அத்தையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வராமல், ஆட்களை வைத்துத் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டார். சந்தைக்குத் தார் ஏற்றி அனுப்பி, கணக்கை நோட்டில் எழுதி வைப்பார். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. பங்காளிகளுக்கு அந்த மூன்று ஏக்கர்மேல் கண்.

1970-களில் கீழ்ப்பழனி மலை முழுவதும் வாழையில் முடிக்கொத்து நோய் விழுந்தது. மூத்த வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். இலை குறுகி, வெளிறி, உச்சியில் கொத்தாக நிற்கும், மரம் குலை தள்ளாது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாட்சி வாழை, மலைச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அழிந்தது. காரணம் ஒரு வைரஸ். அதைப் பரப்புவது வாழை அசுவினி என்கிற சின்னப் பூச்சியும், நோய் கண்ட தாய்மரத்திலிருந்து எடுத்து நடும் கன்றும். பிற்பாடு தோட்டக்கலைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆனால் அந்த ஊரில் காரணம் வேறாகக் கண்டுபிடித்தார்கள். "தாலி அறுத்தவ விடியக்காலையில வரப்புல நடக்கறா, அவ கண்ணு பட்டுத்தான் வாழை கருகுது" என்று முதலில் ஒரு பேச்சு. பிறகு, அத்தை அமாவாசையில் ஏதோ புதைத்தாள் என்று இன்னொரு பேச்சு. ஒரு ராத்திரி பங்காளி வீட்டு வாசலில் கோடாங்கி உட்கார்ந்தார். ஈரச்சேலையோடு அத்தையை நடுவில் உட்காரவைத்து, விடிகிறவரை உடுக்கை அடித்தார்கள். சத்தியம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினார். நம்பவில்லை. அந்த வருஷமே பாதி விலைக்குத் தோட்டம் பங்காளி கைக்குப் போனது. அத்தை அடிவாரத்துக்கு இறங்கி வந்து, தையல் தைத்துப் பிழைத்தார். எண்பது வயதைத் தாண்டி இருந்தார்.

ரொம்ப வருஷம் கழித்து, நான் உத்தியோகத்தில் இருந்தபோது, அந்த நோயைப் பற்றி அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் மருமகனே, என் வாழையுந்தானே போச்சு? என் கண்ணு என் தோட்டத்துலயேவா படும்? இதை அன்னைக்கே கேக்கணும்னு தொண்டைவரைக்கும் வந்துச்சு. அந்த எடத்துல எனக்குப் பேச்சு ஏது?" என்றார்.

அசுவினி தெரியாது, வைரஸ் தெரியாது. ஆனாலும் பதில் அத்தையிடம் இருந்திருக்கிறது. விஞ்ஞானமே தேவைப்படாத பதில். அதைச் சொல்ல ஓர் இடம்தான் இல்லை. இங்கிலாந்தில் வெண்ணெய் திரளாததும் கன்றுகள் விழுந்ததும், கீழ்மலையில் வாழை கருகினதும் எனக்கு ஒரே கதையாகத் தெரிவது இதனால்தான். பயிரிலோ மாட்டிலோ நஷ்டம் வருகிறது. அந்த நஷ்டத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. ஆள்துணை இல்லாத, கொஞ்சம் நிலம் உள்ள, வாய் உள்ள பெண்ணின் முகம் தோதாக இருக்கிறது.

வடக்கே இது இன்னும் கொலையில் முடிகிறது. பீகாரில் 1999-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பிறகு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அசாமில் பிருபாலா ராபா என்ற கிராமத்து அம்மாள் ஊர் ஊராகப் போய், சூனியக்காரி என்று பட்டம் கட்டப்பட்ட பெண்களைக் காப்பாற்றினார். ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ, தாமே அப்படிப் பட்டம் கட்டப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர், பிறகு மற்றப் பெண்களுக்குத் துணை நின்றார். 2021-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நம் ஊரில் கொலைவரை போவது அபூர்வம் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். என் அத்தையை யாரும் கொல்லவில்லைதான். நிலத்தை வாங்கிக்கொண்டு உயிரோடு விட்டுவிட்டார்கள். அதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

சட்டம் எட்டாத இடத்தில்தான் எனக்கு நாடகம் கண்ணில் படுகிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு நவீன தமிழ் நாடகத்தில் ஒரு முக்கியமான பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1977-ல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜமும் கேரளத்து ஜி. சங்கரப்பிள்ளையும் ஒரு நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். தமிழ் நவீன நாடகத்தின் தொடக்கங்களில் அதையும் ஒன்றாகச் சொல்வார்கள். அடுத்த வருஷமே மு. இராமசுவாமி மதுரையில் 'நிஜ நாடக இயக்க'த்தைத் தொடங்கினார். அரச ஆணையை மீறி அண்ணனை அடக்கம் செய்த கிரேக்கத்து ஆண்டிகனியின் கதையை அவர் 'துர்க்கிர அவல'மாக்கினார். போரில் ஆண்களெல்லாம் செத்தபின் அடிமைகளாகப் பங்கு போடப்பட்ட ட்ராய் நகரத்துப் பெண்களின் கதையை, நம் ஒப்பாரியை வைத்து இராமானுஜம் 'வெறியாட்டம்' ஆக்கினார். பெயரைக் கவனித்தீர்களா? குறிஞ்சித் திணையின் அதே சொல்.

பிறகு அ. மங்கை வந்தார். சென்னைக்காரர் என்றாலும் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்கள் நம் பக்கத்தவை. உசிலம்பட்டிப் பக்கம் பெண்சிசுக்களுக்குக் கள்ளிப்பால் கொடுத்த சேதி 1980-களில் நாடு முழுவதும் நாறியது. அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் மங்கை 'பச்சமண்ணு' என்ற நாடகத்தைச் செய்தார். பெண்சிசுக் கொலையைப் பற்றிய நாடகம் அது. கவிஞர் இன்குலாப் எழுதிய 'அவ்வை'யையும் அவர் மேடையேற்றினார். அதில் அவ்வை நாம் கே.பி. சுந்தராம்பாள் உருவில் பார்த்துப் பழகிய கோலூன்றிய பாட்டி இல்லை, யாழோடு ஊர் சுற்றும் பாணர் குலத்துப் பெண்.

இதைப் படித்தபோது ஒன்று உறைத்தது. கல்யாணத்திலிருந்து தப்பிக்கக் கிழவியாக்கிவிடு என்று அவ்வை வேண்டிக்கொண்டதாகக் கதை. கணவன் விலகிப்போன பின், இந்த அழகு உடம்பு வேண்டாம், பேயுரு கொடு என்று காரைக்கால் அம்மையார் கேட்டதாகப் புராணம். இரண்டு பேரையும் நாம் கும்பிடுகிறோம். ஆனால் ஒரு பெண் தன் உடம்பைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள நம் மரபு காட்டிய வழி, ஒன்று மூப்பு, இன்னொன்று பேய். பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கையால் கொலையுண்டவள் அவள். பேயாக வந்து பழி தீர்த்தாள். நம் பேச்சில் மிஞ்சியிருப்பது 'நீலிக்கண்ணீர்' என்ற வசவு மட்டும்தான். கொலையை மறந்துவிட்டோம், கண்ணீரைப் பொய் என்று வைத்துக்கொண்டோம்.

"அதற்காகக் கோடாங்கியை இப்படித் தாக்க வேண்டுமா? எத்தனையோ பேருக்கு ஆறுதல் கிடைக்கிறதே" என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம்தான். சாமி வந்து ஆடும்போது, பேய் வந்து பேசும்போது, மாமியாரைப் பார்த்து ஒரு மருமகள் மற்ற நாளில் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறாள். நானே கேட்டிருக்கிறேன். "எனக்குச் சோறு போட்டியா? ஒரு சேலை எடுத்துக் குடுத்தியா?" என்று பேயின் வாயால் கேட்டாள் ஒருத்தி. அந்த அரைமணி நேரம் ஊரே அவள் பேச்சைக் கேட்டது. அதுவும் ஒரு மேடைதான். ஆனால் அந்த மேடையில் பேசியதெல்லாம் பேயின் கணக்கில் போய்விடுகிறது. விடிந்தால் அவள் சொன்னது எதுவும் அவள் சொன்னதில்லை. முடி புளியமரத்தில், அவள் திரும்பவும் அடுப்படியில். நாடகத்தில் அப்படியில்லை. நடிப்பவள் தன் பெயரில் நின்று, தன் உடம்போடு நின்று, தெரிந்து பேசுகிறாள். வேலன் களத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்று பதில் சொல்லும் இடம் அது. நான் இந்த நாடகங்களுக்காக வாதாடுவதற்கு இதுதான் காரணம்.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் நம்புகிறார்கள்?" என்பது அடுத்த வாதம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. நம் கொடைக்கானலிலும் மரங்களைச் சாய்த்து, மின்சாரத்தையும் பாதையையும் துண்டித்துவிட்டுப் போனதே, அதே புயல். அன்று ராத்திரி பட்டுக்கோட்டைப் பக்கம், வயதுக்கு வந்த ஒரு பெண்பிள்ளையைத் தீட்டு என்று வீட்டுக்கு வெளியே தனிக்குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசைமேல் விழுந்து பிள்ளை இறந்துவிட்டது. பெற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர் வழக்கத்தைச் செய்தார்கள். புயல் எச்சரிக்கை நாலு நாளாக டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட வழக்கம் விடவில்லை. இது 2018. இனி அந்தக் காலம் என்று எந்தக் காலத்தைச் சொல்வது?

மேடையில் மாதவிலக்கைப் பேசுவது அசிங்கம் என்று நினைக்கிறவர்களிடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க இருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர் வைத்து, மைக் செட் கட்டி, ஊருக்கே பந்தி போடும்போது அசிங்கமாகத் தெரியாதது, அந்தப் பெண்ணே அதைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் எப்படி அசிங்கமாகிறது? அவள் உடம்பைப் பற்றி எல்லோரும் பேசலாம், அவள் பேசக்கூடாது என்பதுதானே இதன் அர்த்தம்?

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். நவீன நாடகக்காரர்கள் சில சமயம் யாருக்கும் புரியாமல் செய்வதையே பெருமையாக வைத்துக்கொள்கிறார்கள். இருட்டில் நாலு பேர் உருண்டு புரண்டு ஊளையிட்டால் அத்தைமார் எழுந்து போய்விடுவார்கள். 'வினிகர் டா'மில் ஈஸ்டும் வெண்ணெயும் கன்றும் இருந்தது போல, நம் நாடகத்தில் வாழையும் வரப்பும் பட்டாவும் இருக்க வேண்டும். நம் ஜனங்களுக்குப் புதுமை பிடிக்காது என்று நான் நம்பவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிறவரை ஆண்கள் பெண்வேஷம் கட்டி ஆடியதை ரசித்த கூட்டம் இது. விஷயம் தன் வீட்டு விஷயமாக இருந்தால் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-லிருந்து இருக்கிறது. பெண்களுக்கென்றே ஏற்பட்ட பல்கலைக்கழகம் நம் மலையில் இருப்பது நமக்குப் பெருமை. மே மாதம் கோடை விழா நடக்கிறது. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்காகப் பல வருஷம் தொட்டி அடுக்கியவன் நான். படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் உண்டு, நல்லதுதான். அதில் ஒரு சாயங்காலத்தை இப்படி ஒரு நாடகத்துக்கு ஒதுக்கினால் என்ன? நாய்க்கு ஒரு நாள் கொடுக்கிற ஊர், நாடகத்துக்கும் ஒரு நாள் கொடுக்கலாம். கீழ்மலைக் கிராமங்களில் திருவிழா நாலாம் நாள் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குச் செலவு செய்கிற பணத்தில் பாதி இருந்தாலே ஒரு குழு வந்து ஆடிவிட்டுப் போகும்.

நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ஊரில் எது நடந்தாலும் முதல் வரிசை நாற்காலி நமக்குத்தான் போடுகிறார்கள். அதில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து போகாமல் கடைசிவரை பார்த்தோமானால், பின்னால் நிற்கிற இளவட்டம் கேலி பேச யோசிக்கும். பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்திக்கு, நம் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள், நாமும் பேசலாம் போலிருக்கிறது என்று தோன்றும். நாடகம் முடிந்ததும் வீட்டுக்குப் போய், கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கும் பேத்தியிடமோ மருமகளிடமோ, "என்னம்மா செய்யுது உனக்கு?" என்று நேராகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அதற்கு உடுக்கையும் வேண்டாம், கட்டணமும் இல்லை.